ரோரியின் நூறு சுற்று

ஹெட்டியின் வீட்டில் ஏழு தாழ்ப்பாள்கள் இருந்தன. முன்கதவில் இரண்டு, பின்கதவில் இரண்டு, அதை ஒட்டிய கொசுவலைக் கதவில் ஒன்று, துணி துவைக்கும் அறையில் ஒன்று, முற்றத்து வேலியின் கேட்டில் ஒன்று.

ஏழும் ஹெட்டியின் தலைக்கு மேலே இருந்தன. அவளுக்கு வயது பத்து. நுனிக்காலில் நின்றால் எட்டும். அவள் தம்பி ரோரிக்கு ஆறு. அவனுக்கு எட்டாது. எட்டக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு உயரம். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறலாம் என்று ரோரிக்கு இன்னும் தோன்றவில்லை. தோன்றப்போகும் நாளுக்காக அப்பா எட்டாவது தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிப் பரணில் தயாராக வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மெல்பர்னிலிருந்து கிரெக் மாமா வந்தார். வந்ததும் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஜில், இது வீடா, பேங்கா? உள்ள எவ்ளோ தங்கம் வச்சிருக்கே?" என்று தங்கையைக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான். கால் முளைச்ச தங்கம்," என்றாள் அம்மா. "போகும்போதும் வரும்போதும் தாழ்ப்பாளைப் போட்டுடு அண்ணா. ஒவ்வொரு தடவையும்."

"போட்டுடறேன், போட்டுடறேன்."

கால் முளைத்த தங்கம் சமையலறையில், மின்விசிறிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்திருந்தது.

ரோரிக்கு ஆட்டிசம் உண்டு. அவன் அதிகம் பேசமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பமாட்டான். சத்தமாகக் கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொண்டு எதிர்த் திசையில் ஓடுவான். சுற்றுகிற பொருள் எதுவானாலும் அவனுக்குப் பிடிக்கும். மின்விசிறி, துணி துவைக்கும் மிஷின், முற்றத்தில் துணி காயப்போடும் சுழல்கம்பி. எல்லாவற்றையும்விடத் தண்ணீர்ச் சக்கரம்.

அந்த ஊரில் யாரும் மழையை நம்பிப் பேரிக்காய்த் தோட்டம் வைப்பதில்லை. எல்லாம் கால்வாய்த் தண்ணீர்தான். கால்வாயிலிருந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் தண்ணீர் நுழையும் இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம் இருக்கும். தண்ணீர் தள்ளத் தள்ள அது சுற்றும். எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத் தண்ணீரை அளப்பார்கள். யாருக்கு முறையோ அவர்கள் தோட்டத்துச் சக்கரம் மட்டும் சுற்றும். மற்றவை பூட்டிக் கிடக்கும்.

ரோரியின் ஒவ்வொரு நாளும் ஃப்ரிட்ஜ் கதவில் படங்களாக ஒட்டப்பட்டிருக்கும். படங்களை வரைந்தது ஹெட்டி. காலைச் சாப்பாடு, பல் தேய்ப்பது, ஊஞ்சல், மதியச் சாப்பாடு என்று வரிசை போகும். ஒன்று முடிந்தால் ரோரி அந்தப் படத்தை உரித்து டப்பாவில் போடுவான். பிறகுதான் அடுத்தது. தண்ணீர் முறை உள்ள நாளில் வரிசையின் நடுவே சக்கரப் படம் வரும். அன்றைக்கு அப்பாவோ ஹெட்டியோ அவனைக் கைப்பிடித்துச் சக்கரத்துக்கு அழைத்துப் போவார்கள்.

அங்கே ரோரி எண்ணுவான். பேசாத ரோரி நூறு வரை ஒரு எண் பிசகாமல் எண்ணுவான். நூறு ஆனதும், "முடிஞ்சது," என்று சொல்லிவிட்டு, தானே எழுந்து வீட்டுக்கு நடப்பான். நூறு சுற்றுக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆனால் நடுவில் யாராவது இழுத்தால் கூச்சல். யாராவது எண்ணைத் தப்பாகச் சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

அந்தச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்கள் தோட்டத்துக்கு முறை. காலையிலேயே அப்பா சக்கரப் படத்தை ஒட்டிவிட்டார். ஊஞ்சலுக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்தார். பக்கத்துத் தோட்டத்து நெவில். கண்காட்சிகளில் மாடுகளை ஏலம் விடுபவர் அவர். அவர் பேசினால் தொலைபேசியைக் காதில் வைக்க வேண்டிய தேவை இல்லை.

"மரே, என் தக்காளியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுடுச்சு," என்ற குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. "எனக்குத் திங்கக்கிழமைதான் முறை. நாளைக்கு நாப்பத்து மூணு டிகிரின்னு சொல்றான். இன்னைக்கு உன் முறைய எனக்கு விட்டுக்குடு, என்னுத நீ எடுத்துக்க."

"அதுக்கென்ன, எடுத்துக்கங்க. கால்வாய் ஆபீசுக்கு நான் சொல்லிடறேன்," என்றார் அப்பா.

அந்த ஊரில் முறையை மாற்றிக்கொள்வது வாரா வாரம் நடக்கிற காரியம். அப்பா ஆபீசுக்குச் சொன்னார். தோட்டத்து வேலையாளுக்குச் சொன்னார். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த சக்கரப் படம் மட்டும் அப்படியே இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அம்மா பார்க்கவில்லை. பக்கத்திலேயே நின்று கேரட் சீவிக்கொண்டிருந்த ஹெட்டியும் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட ஆரம்பித்தார்கள். அப்பா கொட்டகையிலிருந்து நீள மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையும் மேசையில் இருந்ததால், வேலிக் கேட்டை முதுகால் தள்ளித் திறந்தார். அதன்பின் அது திறந்தே கிடந்தது.

கிரெக் மாமா தட்டும் ரொட்டியுமாக உள்ளே போனார், வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். நான்காவது தடவை கொசுவலைக் கதவு அவர் முழங்கையில் இடித்தது. அவர் பானங்கள் வைத்திருந்த ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளி, கதவு மூடாமல் இருக்க முட்டுக் கொடுத்தார்.

"ஈ உள்ள போகப் போகுது மாமா," என்றாள் ஹெட்டி.

"போகட்டும், அதுக்கும் பசிக்கும். சாஸ் எங்கடி?"

ஹெட்டி சாஸ் தேடப் போனாள். அப்போது ரோரி சுழல்கம்பியைத் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

மேசையில் எல்லாவற்றையும் பரப்பியதும் அம்மா நிமிர்ந்தாள்.

"ரோரி எங்க?"

சுழல்கம்பி அசையாமல் நின்றது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். பிறகு கேட்டைப் பார்த்தார்கள்.

அந்த வீட்டில் இதற்கு ஒரு தாள் உண்டு. ஹெட்டி கட்டம் கட்டமாக எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டியது. ரோரியைக் காணோம் என்றால், முதலில் தண்ணீர் இருக்கும் இடம். ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். ஒருவர் அவசர உதவி எண்ணான மூன்று சைபருக்கு போன் செய்ய வேண்டும். கத்தக் கூடாது. 

அப்பா மேசையைத் தாண்டிக் கால்வாய்ப் பக்கம் ஓடினார். அம்மா கைபேசியில் மூன்று சைபரை அழுத்தினாள். அவள் குரல் நிதானமாக இருந்தது. "ஆறு வயசு. நீல டிராயர். கையில பேர் எழுதின பட்டை இருக்கு. நீச்சல் வகுப்புக்குப் போறான். ரெண்டு மாசமாத்தான்."

கிரெக் மாமா தாளைப் படித்தவர் அல்ல. "ரோரி... ரோரி..." என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பேரி மரங்களுக்கு நடுவே ஓடினார்.

"மாமா, கத்தாதீங்க," என்றாள் ஹெட்டி. அவர் காதில் விழவில்லை. அவள் துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்தாள். "மாமா, நீங்க கத்தினா அவன் இன்னும் தூரமாப் போவான்."

மாமா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. "நான்தான் அந்தப் பெட்டிய..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசலாம் மாமா. நீங்க ரோட்டு முனையில போய் நில்லுங்க. பேசாம நில்லுங்க."

அவர் போனார்.

அப்பா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "நம்ம சக்கரத்துகிட்ட இல்ல. சக்கரம் நின்னு கிடக்கு. மண்ணுல அவன் கால் தடம் இருக்கு. வந்திருக்கான். எங்க போனான்னு தெரியல."

கால் தடம் கால்வாய் ஓரமாக முடிந்தது என்பதை அவர் சொல்லவில்லை. ஹெட்டிக்கு அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவளுக்கும் ஓட வேண்டும், கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவது? அவள் சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜ் கதவின் முன்னால் நின்றாள்.

காலைச் சாப்பாடு இல்லை. பல் தேய்ப்பது இல்லை. ஊஞ்சல் இல்லை. மூன்றும் டப்பாவில் கிடந்தன. மதியச் சாப்பாடு அதன் இடத்தில் இருந்தது. நடுவே ஒரு வெற்றிடம்.

சக்கரப் படம் டப்பாவிலும் இல்லை.

"அப்பா," என்றாள் ஹெட்டி. "படத்தை யாரும் எடுக்கலையே?"

"எந்தப் படம்?" என்றவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ. அத நான் எடுத்திருக்கணும்."

"அவன் படத்த எடுத்துக்கிட்டுச் சக்கரத்துக்குப் போயிருக்கான். சாப்பாட்டுக்கு முன்னாடி சக்கரம்னு போட்டிருக்கு. நாம சாப்பாடு எடுத்து வச்சிட்டோம், சக்கரம் நடக்கல. நம்ம சக்கரம் சுத்தல. சுத்துற சக்கரம் எங்க இருக்குப்பா?"

அப்பா அவளையே பார்த்தார். "நெவில் தோட்டத்துல."

கால்வாய்க் கரை வழியாக முக்கால் கிலோமீட்டர். காற்று இந்தப் பக்கம் அடித்தால், இரும்பு தண்ணீரில் இடிக்கிற சத்தம் இங்கேயே கேட்கும். ரோரியின் காது யாருக்கும் கேட்காததையும் கேட்கும்.

அப்பா வண்டிச் சாவியை எடுத்தார். சாலை வழி பாலத்தைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர். ஹெட்டி தொலைபேசியை எடுத்தாள். நெவிலின் எண் தாளில் இரண்டாவதாக இருந்தது.

"யாரு," என்றது குரல். பின்னால் கிரிக்கெட் வர்ணனை ஓடியது.

"நெவில், நான் ஹெட்டி. உங்க சமையலறை ஜன்னல்ல பாருங்க. சக்கரம் தெரியுதா?"

"சுத்துது. நல்லா சுத்துது. அப்பாகிட்ட சொல்லு, தக்காளியெல்லாம்..."

"பக்கத்துல ரோரி இருக்கானா பாருங்க."

நாற்காலி நகரும் சத்தம். பிறகு நெவிலிடம் யாரும் கேட்டிராத ஒன்று, அமைதி.

"இருக்கான்," என்றார் அவர். "பலகை மேல உக்காந்து காலத் தொங்கப் போட்டிருக்கான். அடக் கடவுளே. இரு, நான் இங்கேருந்தே ஒரு குரல்..."

"குடுக்காதீங்க," என்றாள் ஹெட்டி. "குரல் மட்டும் குடுக்காதீங்க நெவில். ஓடாதீங்க. பின்னாலேருந்து போகாதீங்க, அவன் பார்க்கிற மாதிரி போங்க. தொடாதீங்க. தண்ணிப் பக்கமா, அவன ஒட்டி உக்காருங்க. அவன் எண்ணிக்கிட்டு இருப்பான். கூடவே எண்ணுங்க. மெதுவா. நூறு ஆனா அவனே எழுந்துடுவான்."

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா?"

"இப்பப் பேசறீங்களே, இதுல கால்வாசி."

அம்மா கைபேசியைக் காதில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "பார்த்துட்டாங்க," என்று போலீசிடம் சொன்னாள். "இன்னும் கைக்கு வரல. ஆனா பார்த்துட்டாங்க."

ஹெட்டி அப்பாவோடு வண்டியில் ஏறினாள். வண்டி நெவில் தோட்டத்து மண் பாதையில் புழுதி கிளப்பியது. "ஹார்ன் அடிக்காதீங்கப்பா," என்றாள் ஹெட்டி. "கதவையும் அறைஞ்சு சாத்தாதீங்க."

கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள்.

வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகை. அதன் கீழே பழுப்புத் தண்ணீர் வேகமாக ஓடியது. பக்கத்தில் சக்கரம் தடார், தடார் என்று சுற்றியது. பலகையின் நடுவில் ரோரி. மடியில் சக்கரப் படம். அவனை ஒட்டி, தண்ணீரில் முட்டளவு இறங்கி, வாய்க்கால் சுவரில் முதுகைச் சாய்த்து நெவில் நின்றார். உட்கார இடம் இல்லாததால் தண்ணீரிலேயே இறங்கிவிட்டார். விழுந்தால் பிடிக்க ஒரு கையைப் பலகைக்குக் கீழே நீட்டியிருந்தார். தொடவில்லை.

"அறுபத்தொண்ணு," என்றான் ரோரி.

"அறுபத்தொண்ணு," என்று காற்றுப் போல முணுமுணுத்தார் நெவில்.

"அறுபத்தி ரெண்டு."

நெவில் அப்பாவைப் பார்த்துவிட்டார். அந்த நிம்மதியில் வாய் முந்திக்கொண்டது. "அறுபத்தி நாலு."

ரோரி நிறுத்தினான். முகத்தைச் சுளித்தான். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது.

"ஒண்ணு," என்றான்.

நெவில் கண்களை மூடிக்கொண்டார்.

"போதும், நான் தூக்கிடறேன்," என்று அப்பா ஓரடி எடுத்து வைத்தார். ஹெட்டி அவர் பெல்ட்டைப் பிடித்தாள்.

"இழுத்தா அவன் திமிறுவான்பா. பலகை அகலமா இல்ல. ரெண்டு பேரும் தண்ணிலதான். நெவில் அங்க நிக்கிறார், நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க. நூறுதானே, எண்ணிடலாம்."

அப்பா பலகையைப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றாமலேயே மறுபக்கம் தண்ணீரில் இறங்கினார். ஹெட்டி பலகையின் முனையில், ரோரியின் கண்ணில் படும்படி உட்கார்ந்தாள்.

"மூணு," என்றான் ரோரி.

"மூணு," என்றார்கள் மற்ற மூவரும்.

கால் மணி நேரம் அப்படியே போனது. நெவிலின் தொப்பியில் ஈ உட்கார்ந்தது. அவர் விரட்டவில்லை. அறுபது வந்தபோது எல்லாரும் நெவிலையே பார்த்தார்கள். நெவிலின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"அறுபத்தி மூணு," என்று அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். 

நூறு ஆனதும் ரோரி, "முடிஞ்சது," என்றான். எழுந்தான். பலகை மேல் நேராக நடந்து வந்து, படத்தை ஹெட்டியின் கையில் கொடுத்தான். பிறகு வண்டியில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு அடுத்தது மதியச் சாப்பாடு.

நெவிலுக்குத்தான் வெளியே வர முடியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. அப்பா பின்னாலிருந்து தள்ள, ஹெட்டி முன்னாலிருந்து இழுக்க, அவர் கரை ஏறினார்.

"நாப்பது வருஷமா ஏலம் விடறேன்," என்றார் மெல்லிய குரலில். "இவ்ளோ கஷ்டமான எண்ணிக்கை பார்த்ததில்ல." சத்தமாகப் பேசலாம் என்பது அவருக்கு இன்னும் நினைவு வரவில்லை.

வீட்டில் சுட்ட இறைச்சி ஆறிப்போய், ஈக்களும் சாப்பிட்டு முடித்திருந்தன. ரோரி ரொட்டியும் சாஸும் சாப்பிட்டான். அம்மா அவன் பக்கத்திலிருந்து நகரவில்லை.

"இனிமே சக்கரம் கிடையாது," என்றாள் அம்மா. "படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அத அவன் மறக்கட்டும்."

அப்பா பரணிலிருந்து எட்டாவது தாழ்ப்பாளை எடுத்து வைத்திருந்தார். கிரெக் மாமா திருப்புளியோடு பக்கத்தில் நின்றார். ஐஸ் பெட்டியை அவர் தன் காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டார்.

ஹெட்டி சக்கரப் படத்தை மேசையில் வைத்தாள். ஓரம் நனைந்திருந்தது.

"அவன் மறக்க மாட்டான்மா," என்றாள். "படம் இல்லாட்டியும் போவான். படம் இருந்ததாலதான் எங்க போனான்னு நமக்குத் தெரிஞ்சுது."

அம்மா படத்தை எடுத்து, ஓரத்தை விரலால் நீவினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ என்ன செய்யலாம்கறே?" என்று கேட்டாள்.

ஹெட்டி ஒரு வெள்ளை அட்டையை எடுத்து வரைய ஆரம்பித்தாள். ஒரு சக்கரம். அதன் மேல் ஒரு பெரிய தொப்பி.

"இது நெவில் சக்கரம். முறைய மாத்தினா இந்தப் படத்த ஒட்டணும். ரோரி பார்க்கிறப்பவே ஒட்டணும். நாம அவனக் கூட்டிட்டு அங்க போகணும்."

அன்று மாலை அவள் கடிதம் எழுதினாள். கால்வாய் ஓரம் இன்னும் ஐந்து சக்கரங்கள் இருந்தன. ஐந்து வீட்டுக்கும் ஒரே கடிதம், ஐந்து பிரதிகள்.

'என் தம்பி பெயர் ரோரி. படம் இணைத்திருக்கிறேன். உங்கள் சக்கரம் சுற்றினால் அவன் வரக்கூடும். வந்தால் கத்த வேண்டாம். முதலில் அவனுக்கும் தண்ணீருக்கும் நடுவே போய் நில்லுங்கள். பிறகு எங்களுக்கு போன் செய்யுங்கள். பிறகு எண்ணுங்கள். எண் தவறக் கூடாது. விவரம் வேண்டுமென்றால் நெவிலைக் கேட்கலாம். இப்படிக்கு, ஹெட்டி.'

அடுத்த வாரம் அப்பாவும் நெவிலும் சேர்ந்து இரண்டு சக்கரங்களையும் சுற்றிக் கம்பிவலை அடித்தார்கள். தானாக மூடிக்கொள்ளும் கேட் வைத்தார்கள். பலகையைக் கழற்றினார்கள். வலைக்கு வெளியே, நிழலில், ஒரு பெஞ்சு போட்டார்கள். அதில் உட்கார்ந்தால் சக்கரம் நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. ஹெட்டி எடுத்தாள்.

"நெவில் பேசறேன்," என்றது குரல். இந்தத் தடவை தொலைபேசியைக் காதில் வைத்தால்தான் கேட்டது. "நாளைக்கு உங்க முறைய மாத்திக்கலாமான்னு கேக்கணும்."

"அப்பாவக் கூப்பிடட்டுமா?"

"அப்பா கிடக்கட்டும். மொதல்ல தொப்பிப் படம் கையில இருக்கா பாரு."

ஹெட்டி டப்பாவைத் திறந்து பார்த்தாள். இருந்தது.

"அப்போ சரி," என்றார் நெவில். "பன்னெண்டு மணிக்கு ரோரியக் கூட்டிட்டு வா. பெஞ்சுல நான் இருப்பேன். மூணு நாளா மாட்டுக் கொட்டகையில எண்ணிப் பழகறேன், அறுபத்தி மூணு ஒரு தடவகூட விடல."